சின்ன கார் உதைக்கிறதா, ஊளையிடுகிறதா? வாங்கிப் பொருத்துவதற்கு முன் கழற்றிப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்தில் மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். கோயில் திருவிழா, பாரதக் கூத்து, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். ஸ்பீக்கர் பெட்டிகள் டெம்போவில் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், மைக்குகளை மட்டும் யாரையும் நம்பி அனுப்புவதில்லை. அவை என் சின்ன காரில், பின்னிருக்கையை மடக்கிய இடத்தில், என்னோடுதான் வரும். இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்ற கார் அது. பாலக்கோடு சாலையில் தார் ஒட்டுப்போட்ட இடம் வந்தாலே இடுப்பு வரை உதைக்கும். நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டால் காதோரம் ஊளை தொடங்கிவிடும். சின்ன கார் என்றால் அப்படித்தான், பெரியதாக வாங்குங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இன்றைக்கு அதே கார்தான். உதையும் இல்லை, ஊளையும் இல்லை. அதற்காக நான் வாங்கிப் பொருத்தியது கொஞ்சம், கழற்றி எறிந்ததே அதிகம்.

இந்த இரண்டு கோளாறுக்கும் மருந்து விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஜெல் மெத்தை, நைட்ரஜன் காற்று, கதவுக்குள் ஒட்டும் தார்த்தாள், விலை கூடிய ஷாக் அப்சார்பர். இவற்றில் எதையும் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை, செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு வேலையை ஒரே நாளில் செய்துவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் நிற்காதீர்கள்.

முதலில் காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, முழுச் சுமை ஏற்றினால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் 29 முதல் 33 பிஎஸ்ஐ வரை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. நிரப்ப வேண்டிய அளவு அல்ல. அதைப் பார்த்து 44 வரை ஏற்றிவிட்டு, கார் கட்டைவண்டியாக ஓடுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. பங்கில் காற்றுப் பிடிக்கிற தம்பியோ கேட்காமலேயே 35 வைத்துவிடுவார். நீங்கள்தான் எண்ணைச் சொல்லிப் பிடிக்க வேண்டும்.

அளவு பார்ப்பது காலையில், வண்டி எடுக்கும் முன். ஓடிச் சூடான டயர் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும் என்பது தோராயக் கணக்கு. சித்திரை வெயிலில் ஊத்தங்கரை போய்வந்த டயரை அளந்துவிட்டுக் கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கினால், மறுநாள் காலை ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே நிற்கும். மெத்தென்று இருக்கட்டும் என்று வேண்டுமென்றே குறைத்து வைப்பதும் கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடிப்பதற்கான வழி. சொந்தமாக ஒரு அளவி வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவைத்தால் பங்கு மீட்டரை நம்ப வேண்டியதில்லை. நான் ஆம்ப்ளிஃபயர் ஏற்றும் நாளில் பின் சக்கரத்துக்கு முழுச்சுமை அளவு வைப்பேன், இறக்கியதும் பழையபடி குறைத்துவிடுவேன். இந்தச் சோம்பலை வெல்வதே பாதி வைத்தியம்.

நைட்ரஜன் பற்றி ஒரு வரி போதும். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதனால் உதை குறையாது.

காற்று சரியாக இருந்தும் உதைத்தால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால், நீள்வட்டத்துக்குள் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஆறேழு ஆண்டு வெயிலில் நின்ற டயர், பூ தேயாமல் இருந்தாலும் இறுகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது. பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் தெரியும். குறைவாக ஓட்டுகிறவர்களின் கார்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். பூவைப் பார்த்துவிட்டு டயர் புதிதாகவே இருக்கிறது என்பார்கள்.

யார் எதைச் சேர்த்தார்கள்?

அடுத்து, கம்பெனி கொடுத்த காரில் இல்லாதது எது இப்போது இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். பழைய கார் வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

முதல் சந்தேகம் சக்கரம். 165/80 ஆர்14 அளவு டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். அழகுக்காக 185/65 ஆர்15 ஆக்கினால் 120. 195/55 ஆர்16 ஆக்கினால் 107. மூன்றிலும் சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 62 சென்டிமீட்டர். ஆனால் பள்ளத்தை உள்வாங்க வேண்டிய ரப்பரும் காற்றும் குறைந்து அந்த இடத்தை இரும்போ அலாயோ பிடித்துக்கொள்கிறது. அகலமான டயர் சத்தமும் கூடுதலாகப் போடும். பழைய அளவுக்குத் திரும்ப மனம் வருமா என்பது அவரவர் பாடு. உதையும் குறைய வேண்டும், பதினாறு இஞ்ச் அலாயும் வேண்டும் என்றால் என்னிடம் வழி இல்லை.

இரண்டாவது சந்தேகம் ஸ்பிரிங் ரப்பர். பின் சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே செருகும் தடித்த ரப்பர் வளையம் அது. பஃபர் என்று கடைகளில் தொங்கும். எங்கள் பக்கம் மாங்காய் சீசனில் ஹேட்ச்பேக்கில் பெட்டி ஏற்றுகிறவர்கள், ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிறவர்கள், வேகத்தடையில் அடிவயிறு இடிக்கிறது என்று அலுத்துக்கொண்டவர்கள் என்று பலரும் இதைச் செருகிவைத்திருக்கிறார்கள். கார் ஓர் அங்குலம் எழும்பும். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், செருகிய இடத்தில் ஒரு சுற்று வேலை செய்யாமல் செத்துவிடும். ஆறு சுற்று உழைத்த ஸ்பிரிங்கில் ஐந்துதான் உழைக்கும் என்றால் அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்கு அளவெடுத்துச் செய்தது. புது விறைப்பை அதனால் அடக்க முடியாது. கார் சின்னச் சின்னதாகத் துள்ளிக்கொண்டே போகும். ஆள் ஏறாமல் ஒற்றை ஆளாக ஓட்டும்போதுதான் உயிரை வாங்கும்.

என் காரில் பின்னால் இரண்டு பக்கமும் இது இருந்தது. எடுப்பது எளிது. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் விரிந்துகொள்ளும். சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலையை நீட்டாதீர்கள். எடுத்தபின் கார் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தால் ஸ்பிரிங்கே தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது ஸ்பிரிங், அதுவும் ஜோடியாக. ரப்பரைத் திருப்பிச் செருகுவது மருந்தல்ல.

தளர்ந்த ஸ்பிரிங்கும் கார் உதைக்கக் காரணம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தளர்ந்தால் மெத்தென்று ஆக வேண்டும் அல்லவா? ஆகாது. கார் தாழ்ந்ததும் ஷாக் அப்சார்பர் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப்பர் என்ற குட்டி ரப்பர் மேலேயே முழு எடையும் போய் உட்காரும். அது கடைசி நேரத்தில் மட்டும் மோத வேண்டிய பொருள். சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். இடம் வலம் இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வேலைக்கும் அதே அளவு வேண்டும்.

புஷ்: பட்டறையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

ஷாக் அப்சார்பரை எப்படிச் சோதிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் போயிற்று. உடம்பில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருந்தாலும் போயிற்று. மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும்; மாற்றும்போதே மேலேயுள்ள மவுண்ட், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை மூன்றையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும், கூலி ஒன்றுதான். முன்பக்க ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது புஷ் பற்றி. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை காரின் உடம்போடு சேரும் இடத்திலும், பின் அச்சு சேரும் இடத்திலும் இருக்கும் ரப்பர்கள் இவை. வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் காரோடு இறுகி அசையாமல் நிற்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வழிவிடும். போல்ட்டை இறுக்கும் நொடியில் சக்கரம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

இப்போது பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு தூண் லிஃப்டில் காரை ஏற்றுவார்கள். சக்கரங்கள் கீழே தொங்கும். புது புஷ் போட்டு, தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழு இறுக்கு இறுக்கி, காரை இறக்கிவிடுவார்கள். கார் தரையைத் தொட்ட நொடியிலிருந்து அந்த ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்தபடியே பிடித்திருப்பதுபோல முறுக்கிக்கொண்டு நிற்கும். சமதரையில் நின்றாலும் முறுக்கு. பள்ளத்தில் இன்னும் முறுக்கு. கார் விறைப்பாகும், நிற்கும் உயரமும் கொஞ்சம் மாறலாம், சில மாதத்திலேயே ரப்பர் கிழியும். புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன், அதற்குப் பிறகுதான் அதிகமாக உதைக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: கடைசி இறுக்கு தரையிலா, லிஃப்டிலா?

சரியான முறை, போல்ட்டைக் கையால் பிடிப்பு வரும்வரை மட்டும் முடுக்கிவிட்டு, கார் தன் எடையில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குவது. இதற்குப் பழைய பாணிப் பட்டறைப் பள்ளம்தான் அருமை. காரைப் பள்ளத்தின் மேல் ஓட்டி நிறுத்திவிட்டு, மெக்கானிக் உள்ளே இறங்கி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே இறுக்கிவிடலாம். லாரி வேலை அதிகம் நடக்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பட்டறைகளில் இன்னும் இப்படிப் பள்ளங்கள் உண்டு. கண்ணாடிச் சுவரும் ஏசி வரவேற்பறையும் உள்ள இடத்தில் பள்ளம் இருக்காது. அங்கே என்றால், லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, நீங்கள் எழுதிவைத்த சக்கர மையம் முதல் மட்கார்டு வரையிலான அளவு வரும்வரை உயர்த்தி, பிறகு இறுக்கச் சொல்லுங்கள். நான் போன பட்டறையில் மெக்கானிக், "அண்ணா, இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை" என்றார். ஆனாலும் இறங்கி, நான்கு போல்ட்டையும் தளர்த்தி, திரும்ப இறுக்கிக் கொடுத்தார். புதுப் பொருள் எதுவும் போடவில்லை. பாலக்கோடு சாலை அன்றைக்கே வேறு சாலையாகத் தெரிந்தது.

இன்னொன்று. தண்ணீர் சர்வீஸ் விடும்போது அடிப்பகுதிக்கு டீசல் அடிக்கட்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பளபளப்பாகத் தெரியும், கிறீச் சத்தம் இரண்டு வாரம் அடங்கும். ரப்பரோ எண்ணெயைக் குடித்து உப்பிக் கூழாகிவிடும்.

லோயர் ஆர்ம், ஷாக் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி ஊளை

காற்றுச் சத்தத்துக்கு வருகிறேன். இது என் தொழிலோடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் நீட்டுவேன்.

காருக்குள் கேட்பது காற்றா, டயரா, என்ஜினா என்று பிரித்தால்தான் வேலை தொடங்கும். சாலையின் மேற்பரப்பு மாறும் இடத்தில், தார் முடிந்து சிமென்ட் பாலம் தொடங்கும்போது, சத்தத்தின் குரல் மாறினால் அது டயர். கியரை மாற்றி என்ஜின் வேகம் மாறும்போது சத்தமும் மாறினால் அது என்ஜின். இரண்டுக்கும் அசையாமல், வண்டி வேகத்துக்கு மட்டும் கூடிக் குறைந்தால் காற்று. காற்றுச் சத்தம் வேகத்தோடு ஏறும் விதம் கொடுமையானது. 80இல் போகும்போது இருப்பதைவிட 100இல் சுமார் 6 டெசிபல் கூடும். ஆம்ப்ளிஃபயர் கணக்கில் அது நான்கு மடங்கு வாட். அதனால் சோதனை முழுவதும் ஒரே வேகத்தில் செய்ய வேண்டும். எனக்கு 80. நியூட்ரலில் விட்டுக் கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதிலும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என்றால், அவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். கூர்மையான விசில் என்றால் மெல்லிய விளிம்போ சிறு இடுக்கோ காரணம். பெரும்பாலும் வெளியே பொருத்திய ஏதோ ஒன்று. 'ஷ்' என்று பரந்த இரைச்சல் என்றால் கதவு பீடிங், அதாவது கதவு ஓரத்து ரப்பர் வழியாகக் காற்று கசிகிறது. படபடவென்று அடித்தால் தளர்ந்த ரப்பர் துடிக்கிறது. கண்ணாடியை ஒரு மயிரிழை இறக்கி ஏற்றும்போது குரல் மாறினால் கண்ணாடி ஓடும் பள்ளம்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 44ஆம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய நேர் வடக்காகப் போகிறது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும். போகும்போது காற்று இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். ஒரே சாலை, ஒரே வேகம், காற்று மட்டும் பக்கம் மாறுகிறது. இரண்டு திசையிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் காற்றைச் சந்தேகிக்காமல் டயர் பக்கம் போகலாம். மாறினால் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பாருங்கள். காற்று மோதும் பக்கம்தான் கத்தும் என்று தோன்றும். பெரும்பாலும் மறுபக்கம்தான் அதிகம் கத்தும். முன்கண்ணாடித் தூணைச் சுற்றித் திரும்பும் காற்று மறைவான பக்கத்தில் பெரிய சுழலாகிப் பக்கக் கண்ணாடியை அடிக்கிறது. அந்தப் பக்கம் கதவை வெளியே இழுக்கும் உறிஞ்சலும் கூடுதல். ஆகவே கிருஷ்ணகிரிக்குப் போகும்போது ஓட்டுநர் கதவு ஊளையிட்டு, திரும்பும்போது அடங்கினால் ஓட்டுநர் கதவையே பாருங்கள். ஆடி போய்விட்டதென்றால் காற்றில்லாத விடியற்காலையில் சோதிக்கலாம், லாரிகளும் குறைவாக இருக்கும். ஆனால் இந்தத் துப்பு கிடைக்காது.

ஓடாமலேயே இடுக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, பிளோவரை உச்சத்தில் விடுங்கள். காருக்குள் காற்றழுத்தம் கூடும். வெளியே ஓர் ஆள் ஊதுபத்தியோடு கதவு விளிம்பு நெடுகப் போகட்டும். கசியும் இடத்தில் புகை வெளியே தள்ளப்படும். பின் பம்பர் பக்கம் புகை கலைந்தால் பயப்படாதீர்கள், உள்ளே நிறையும் காற்று வெளியேற அங்கே கம்பெனியே வழி வைத்திருக்கிறது. இன்னொரு வழி, முகப்பவுடரைத் துணியில் தொட்டு பீடிங் ரப்பர் முழுவதும் ஒற்றிவிட்டு, கதவை ஒருமுறை சாத்தித் திறப்பது. கதவின் இரும்பில் பவுடர்க் கோடு விழுந்திருக்கும். கோடு மெலிந்த இடமும் அறுந்த இடமும்தான் குற்றவாளி. ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பதும் இதே வேலைதான், பழைய பத்து ரூபாய் போதும்.

ஓடும்போது கேட்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனை காதில், மறுமுனையைக் கண்ணாடி விளிம்பிலும் தூணிலும் நகர்த்த வேண்டும். ஓட்டுகிறவர் இதைச் செய்யக் கூடாது. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். எனக்கு அக்கா மகன் வந்தான். "மாமா, இங்கேதான், கண்ணாடி முக்கோணத்துக்கிட்டே" என்று அவன் கை வைத்த இடம் சரியாகவே இருந்தது.

டேப் ஒட்டும் முறை

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் டேப். பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப் மட்டும் வாங்குங்கள். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் நம் வெயிலில் பசையை விட்டுவிட்டுப் போகும். சத்தம் வரும் பக்கத்தில் கதவு இடுக்கு, கண்ணாடியின் வெளி பீடிங், சைடு மிரர் அடிப்பாகம், முன்கண்ணாடி ஓரம் எல்லாவற்றையும் ஒட்டி மூடுங்கள். மறுபக்கக் கதவுகளைத் தொடாதீர்கள், அவசரத்துக்கு இறங்க வேண்டுமே. 80இல் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கிவிட்டால் ஓரம் கட்டி, ஓர் இடத்து டேப்பை மட்டும் கிழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தத் துண்டைக் கிழித்ததும் ஊளை திரும்புகிறதோ அதுதான் இடம். எல்லாவற்றையும் மூடியும் சத்தம் அப்படியே இருந்தால், காற்று உள்ளே கசியவில்லை, வெளியே எதன் மீதோ மோதுகிறது.

அப்போது கூரையைப் பாருங்கள். கேரியர் இருந்தால் கழற்றுங்கள். ஹாரன் ஸ்பீக்கர் கட்டுவதற்காக நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை இல்லாத நாளில் அது கடையில் தொங்கும், காரில் அல்ல. நெட்டுகளுக்குக் கிரீஸ் போட்டுவைத்தால் ஐந்து நிமிட வேலை. அடுத்தது கதவு மேல் ஒட்டும் டோர் வைசர். மழையில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைக்க உதவும் என்பது உண்மை. நெடுஞ்சாலையில் விசிலடிப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதும் உண்மை. அதிலும் ஒரு முனை பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஹேர் டிரையரால் சூடு காட்டி, மீன் பிடிக்கும் நரம்பை உள்ளே விட்டு அறுத்தால் பெயின்ட் கெடாமல் வரும்.

பழுது பார்ப்பது

மிரர் பக்கம் என்றால், கதவின் உட்புறம் உள்ள முக்கோணப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். பின்னால் மூன்று நெட்டு இருக்கும். பலமுறை அவை தளர்ந்திருப்பதுதான் முழுக் காரணமும். இறுக்கிவிட்டு, மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்து மூடினால் தீர்ந்தது.

கண்ணாடி ஓடும் பள்ளத்தில் எங்கள் பக்கம் கிரானைட் தூளும் செம்மண்ணும் அடைந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ், ஈரத்துணி கொண்டு சுத்தம் செய்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே அடித்தால் கண்ணாடி கடைசி வரை ஏறி உட்காரும். கதவு பீடிங்குக்கும் சிலிகான்தான். கிரீஸ், தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், துரு போக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். இந்த ரப்பருக்கும் எண்ணெய் பகை.

பவுடர்க் கோடு அறுந்த இடத்தில் பீடிங் அமுங்கித் தட்டையாகியிருக்கும். அதன் உள்ளே பொள்ளல். மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய சிலிகான் குழாயைத் தேவையான நீளம் வெட்டி, பீடிங்கின் இணைப்பு வழியாகவோ காற்றுத் துளை வழியாகவோ உள்ளே செலுத்தினால் அந்த இடம் மட்டும் மறுபடி உப்பிக்கொள்ளும். பீடிங் கிழிந்திருந்தால் அந்தக் காருக்கென்றே வரும் பீடிங்கை வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் ஒட்டும் பட்டையைக் கதவு முழுக்க ஒட்டிவிட்டு, கதவை ஓங்கி அறைந்து சாத்துகிறவர்களைப் பார்க்கும்போது அந்த லாக்குக்காக வருத்தமாக இருக்கும்.

பீடிங் நன்றாக இருந்தும் நோட்டு எளிதாக உருவிக்கொண்டு வந்தால், கதவு முழுதாக உள்ளே வரவில்லை. தூணில் கதவு மாட்டும் கொக்கி வளையம் இரண்டு போல்ட்டில் நிற்கும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் உள்பக்கம் தட்டி, இறுக்குங்கள். மேலும் கீழும் நகரவிடாதீர்கள். நகர்ந்தால் கதவு தூக்கிச் சாத்த வேண்டியதாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் போதாவிட்டால் இன்னொன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் கதவின் கீலே தொய்ந்திருக்கிறது, அல்லது கதவு எப்போதோ அடிபட்டிருக்கிறது. டிங்கரிங் செய்கிறவரிடம் போக வேண்டும்.

முன்கண்ணாடி ஒருமுறை மாற்றிய கார் என்றால் அதன் ஓரத்து மோல்டிங்கைத் தடவிப் பாருங்கள். தூக்கியிருந்தால் கண்ணாடி ஒட்டுகிறவரே அதற்குரிய பசையால் சரி செய்ய வேண்டும். குளியலறை ஓரத்துக்கு அடைக்கும் சிலிகானை அங்கே பிதுக்காதீர்கள். அதேபோல் கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகளைச் சத்தத்துக்குப் பயந்து அடைக்காதீர்கள். மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அவை, அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கதவுக்குள் ஒட்டும் தார்த்தாளை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. தகரம் அதிர்வதை அது குறைக்கும். கதவு சாத்தும் ஓசை கனமாகும், ஸ்பீக்கரும் நன்றாகப் பாடும். ஆனால் இடுக்கு வழியாக வரும் காற்றுச் சத்தத்தைத் தாள் தடுக்காது. ஒரு நோட்டு நுழையும் சந்து திறந்திருக்கும்போது கதவின் எடையைக் கூட்டி என்ன பயன்? இடுக்கெல்லாம் அடைந்தபிறகும் ஆசை இருந்தால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு புதுச் சத்தம் கேட்க வாய்ப்பு உண்டு. இத்தனை நாள் ஊளையில் மறைந்திருந்தது. தாழ்ந்த குரலில், வேகத்தோடு ஏறும் ஒரு முனகல் என்றால் வீல் பேரிங். காலியான சாலையில் 60இல் போகும்போது ஸ்டீயரிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். எடை வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். முனகல் கூடினால் வலப்பக்க பேரிங், குறைந்தால் இடப்பக்கம். ஷாக் அப்சார்பர்போல இதை ஜோடியாக மாற்ற வேண்டியதில்லை, முனகும் பக்கம் மட்டும் போதும்.